அண்ணல் உடுத்த ஆடைகள்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. ஒருவர் வாய் திறந்து பேசுமுன்னரே அவர் உடுத்தியிருக்கும் உடை பேசிவிடுகிறது. இவர் செல்வர், இவர் வறியவர். இவர் ஆள்பவர், இவர் ஆளப்படுபவர். இவர் நாற்காலியில் அமரத் தக்கவர், இவர் வாயிலில் நிற்கத் தக்கவர் என்று அது தரம் பிரித்துச் சொல்லிவிடுகிறது. மானம் காக்கவும் குளிர் தாங்கவும் மனிதன் கண்ட ஆடை, மனிதரை மேலோர் என்றும் கீழோர் என்றும் பிரிக்கும் வேலியாகவும் ஆயிற்று.

இவ்வேலி ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ உரியதன்று. பண்டைய உரோமாபுரியில் டோகா என்னும் நீண்ட மேலாடை குடிமக்களுக்கே உரியதாக இருந்தது; அடிமைகள் அதனை உடுத்தலாகாது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், இன்ன தகுதி உடையோரே இன்ன துணியை உடுத்தலாம் என அரசாணைகள் பிறந்தன. நம் தென்கோடியில், திருவிதாங்கூர் அரசில், நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட நேர்ந்தது. 1859ஆம் ஆண்டில் அவ்வுரிமையை வழங்கிய ஆணையுங்கூட, உயர்குலப் பெண்கள் உடுத்தும் முறையிலே உடுத்தலாகாது என்னும் தடையையும் உடன் சேர்த்தே வழங்கியது. துணி கிடைத்தது, நிகர்நிலை கிடைக்கவில்லை.

இந்த வேலியைத் தம் உடம்பின் மீதே சோதித்துப் பார்த்தவர் காந்தியடிகள். அவர்தம் வாழ்க்கையை நாம் பள்ளிப் பருவந்தொட்டுப் படித்திருக்கிறோம். உப்புச் சத்தியாக்கிரகத்தையும் உண்ணாநோன்புகளையும் அறியாதார் இலர். ஆயினும் அவ்வாழ்க்கையை அவர் உடுத்திய, களைந்த ஆடைகளின் வழியே ஒருமுறை நடந்து பார்ப்போமாயின், நாம் அறிந்த அண்ணலே சற்று வேறான ஒளியில் தோன்றுவதைக் காணலாம்.

வெள்ளை உடையும் பட்டுத் தொப்பியும்

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில், திவான் பதவி வகித்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. உடைக்குக் குறைவில்லாத குடும்பம் அது. 1888 செப்டம்பர் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்புமுன்னர், சட்டம் பயில்வதற்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். கடல் கடத்தல் குல வழக்கத்துக்கு மாறானது என்று அவருடைய குலத்தார் அவரைச் சாதியினின்று விலக்கினர். சாதியின் வேலியைத் தாண்டிய அந்த இளைஞர், இன்னொரு வேலியின் முன்னே போய் நின்றார்.

கப்பலில் கறுப்பு உடையையே அணிந்து வந்தவர், கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளைப் பிளானல் உடை ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் மாத இறுதி. இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்ட பருவம். வெள்ளை உடையோடு இறங்கியவர் அவர் ஒருவரே. பெட்டிகளோ முகவரிடம் போய்விட்டன; மறுநாள் ஞாயிறு. மாற்றுடை இன்றி அந்த வெள்ளை உடையோடே வெட்கிப் போய் இருக்க வேண்டியதாயிற்று. ஆடையால் வரும் கூச்சத்தை அவர் முதன்முதலில் உணர்ந்தது அப்போதுதான் எனலாம்.

அக்கூச்சம் அவரைச் சிறிது காலம் ஆட்டி வைத்தது. பத்தொன்பது ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி ஒன்று வாங்கினார். நாகரிகச் சீமான்கள் உடை தைத்துக்கொள்ளும் பாண்ட் தெருவில் பத்துப் பவுன் செலவில் மாலை உடை தைத்துக்கொண்டார். தமையனாருக்கு எழுதிக் கடிகாரத்துக்கு இரட்டைவடத் தங்கச் சங்கிலி வரவழைத்தார். நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதும் தலைமுடியை வகிடெடுப்பதும் வழக்கமாயின. நடனம் பயின்றார், வயலின் வாங்கினார், பேச்சுக் கலைக்கு ஆசிரியரை அமர்த்தினார். மூன்று மாத அளவில் இம்மயக்கம் தெளிந்தது. நடனமும் வயலினும் நின்றன. ஆனால் உடையில் கொண்ட கவனம் மட்டும் பல்லாண்டுகள் நீடித்தது.

அடிமை நாட்டிலிருந்து ஆளும் நாட்டுக்குச் சென்ற ஓர் இளைஞர், அவர்களைப் போலவே உடுத்தினால் அவர்களுக்கு நிகராகிவிடலாம் என்று நம்பினார் என்பதே இதன் பொருள். இதனை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இன்றும் நேர்முகத் தேர்வுக்கு அடுத்தவரிடம் சட்டை இரவல் வாங்கிச் செல்லும் நம் ஊர் இளைஞர் அந்நம்பிக்கையோடுதானே செல்கிறார்? அந்நம்பிக்கை எத்தனை தொலைவு செல்லும் என்பதைக் காந்தியடிகளுக்குக் கற்றுத்தந்தது தென்னாப்பிரிக்கா.

தலைப்பாகையும் முதல் வகுப்பும்

1893 மே மாத இறுதியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய பாரிஸ்டர் காந்தி நீண்ட கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். ஓரிரு நாள்களில், அவரை வரவழைத்த வணிகர் தாதா அப்துல்லா சேட் நீதிமன்றத்தைக் காட்ட அழைத்துச் சென்றார். தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். காந்தியடிகள் மறுத்து வெளியேறினார்.

அந்நாட்டில் இந்தியர் தம்மை ஆடையாலேயே பிரித்துக்கொண்டு வாழ்ந்ததை அவர் கண்டார். முஸ்லிம் வணிகர் தம்மை அராபியர் என்றனர். பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றனர். கூலி என்னும் இழிபெயரிலிருந்து தப்புவதற்கு அவரவர் உடையும் அவரவர்க்குத் துணை நின்றது. நீதிமன்றத்தில் முஸ்லிம் உடையினர் தலைப்பாகையோடு இருக்கலாம். ஏனையோர் கழற்ற வேண்டும். வம்பு வேண்டா, ஆங்கிலேயர் தொப்பியையே அணிந்துவிடலாமா என்று காந்தியடிகள் எண்ணியபோது, அதை அணிந்தால் உணவு விடுதிப் பணியாள் என்றே கருதப்படுவீர் என்று அப்துல்லா சேட் தடுத்துவிட்டார். இலண்டனில் சீமானின் அடையாளமாக இருந்த தொப்பி, டர்பனில் இந்தியன் தலையில் ஏறினால் பணியாளின் அடையாளம்! ஆடையின் மதிப்பு ஆடையில் இல்லை. அதை அணிந்தவர்க்குச் சமுதாயம் விதித்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவர்கள் யாவருக்கும் கீழே, எண்ணிக்கையில் எல்லாரினும் மிகுதியாக, ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரும் தெலுங்கரும் வடநாட்டாரும் இருந்தனர். 1860ஆம் ஆண்டு முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். தமிழர் பெயர்கள் பலவும் சாமி என்று முடிந்ததால் வெள்ளையர் அவர்களைச் சாமிகள் என்று ஏளனமாக அழைத்தனர். நாம் தலைவனையும் தெய்வத்தையும் விளிக்கும் சொல், அங்கே வசைச்சொல்லாயிற்று. காந்தியடிகளும் கூலி பாரிஸ்டர் என்றே அழைக்கப்பட்டார்.

மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்ட கதையை நாம் அறிவோம். அதே பயணத்தின் பின்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியா செல்ல முதல் வகுப்புச் சீட்டு வேண்டும் என்று நிலையத் தலைவருக்கு முன்னதாகக் கடிதம் எழுதிவிட்டு, கோட்டும் கழுத்துப்பட்டையும் குறைவற அணிந்து நேரில் போய் நின்றார். சீட்டும் கிடைத்தது. ஆனால் வண்டி நகர்ந்த பின் வந்த அலுவலர், கையில் சீட்டிருந்தும் மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னார். உடன் பயணம் செய்த ஆங்கிலேயர் ஒருவர் குறுக்கிட்டதால் அன்று இடம் தப்பியது. உடை சீட்டு வாங்கித் தந்தது, இருக்கையில் அமர்த்தவில்லை. தோலின் நிறத்தைக் கோட்டு மறைக்காது என்பதை அவர் அன்று கற்றார்.

1894இல் நேட்டால் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது, தலைமை நீதிபதியின் பணிப்புக்கு இணங்கித் தலைப்பாகையைக் கழற்றினார். பெரிய போராட்டங்களுக்கு வலிமை வேண்டும். இதில் அதைச் செலவிட வேண்டா என்பது அவர் முடிவு. நண்பர்கள் சிலர் வருந்தினர். பாரிஸ்டருக்குக் கழற்றவும் மறுக்கவும் தேர்வுரிமை இருந்தது. அத்தேர்வுரிமையே இல்லாத ஒருவர் விரைவில் அவர் வாயிலில் வந்து நின்றார்.

பாலசுந்தரம்

தொழில் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. கிழிந்த உடையும், முன்பற்கள் இரண்டு உடைந்து குருதி ஒழுகும் வாயுமாக ஒரு தமிழர் நடுங்கியவாறு அவர் முன் வந்தார். பெயர் பாலசுந்தரம். டர்பனில் பெயர் பெற்ற வெள்ளையர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். முதலாளி சினங்கொண்டு அடித்த அடி அது. காந்தியடிகளின் எழுத்தர் தமிழராதலால் அவர் வழியே செய்தி முழுவதும் தெரிந்தது.

வந்தவர் தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளையர் முன் செல்லும் ஒப்பந்தக் கூலி, குல்லாயோ தலைப்பாகையோ துண்டோ எதுவாயினும் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். இரு கைகூப்பி வணங்கினாலும் போதாது. தம்மைப் போன்ற இந்தியர் முன்னும் அதையே செய்ய வேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார். குருதி வழியும் வாயைக் காட்டிலும் அந்தத் துண்டு காந்தியடிகளைக் குத்தியது. துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு வேண்டினார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டினார்; கட்டியதும் அவர் முகத்தில் மகிழ்ச்சி படர்ந்ததை அண்ணல் கண்டார்.

மருத்துவச் சான்று பெற்று நீதிபதியிடம் முறையிட்டு, முதலாளியைத் தண்டிப்பதைவிடத் தொழிலாளியை விடுவிப்பதே வேண்டும் என்று முயன்று, வேறொரு முதலாளியிடம் அவர் ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார். இச்செய்தி தோட்டம் தோறும் பரவிற்று. கடல் கடந்து சென்னை மாகாணத்திலும் பேசப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் அவரைத் தம்மவராக ஏற்றது அது முதற்கொண்டே.

ஒரு துண்டு எடையில் சில பலந்தான் இருக்கும். ஆனால் அதைத் தலையில் கட்டுவதற்கும் கக்கத்தில் இடுக்குவதற்கும் இடையில் ஒரு மனிதனின் மானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களிலும் பண்ணையார் வீட்டு வாயிலில் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தலைப்பாகைக்காக நீதிமன்றத்தைவிட்டு வெளியேறிய பாரிஸ்டர் தம் மானத்தைக் காத்தார்; பாலசுந்தரத்தைத் துண்டு கட்டச் செய்தபோதுதான் பிறர் மானத்தைக் காக்கத் தொடங்கினார்.

இடையிலே இருபது ஆண்டுகள்

ஆயினும் மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. 1896இல் குடும்பத்தை அழைத்துச் செல்ல வந்தபோது, நாகரிகத்தில் முன்னிற்போர் பார்சிகள் என்று கருதி, கஸ்தூரிபாவுக்குப் பார்சிப் பெண்டிரின் புடவைக் கட்டையும் பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டையும் காற்சட்டையையும் விதித்தார். பழக்கமில்லாத காலணிகள் கால்களைப் புண்ணாக்கின. பிற்காலத்தில் இதை எண்ணி அவரே வருந்தினார்.

1897 ஜனவரி 13ஆம் நாள் டர்பனில் இறங்கியபோது வெள்ளையர் கூட்டம் ஒன்று அவரைத் தாக்கியது. அன்றிரவு பார்சி ருஸ்தம்ஜியின் இல்லத்தைச் சூழ்ந்துகொண்ட கும்பலிடமிருந்து அவர் தப்பிய விதம் வியப்புக்குரியது. இந்தியக் காவலர் ஒருவரின் சீருடை அணிந்து, தலைக்கவசத்துக்குப் பதிலாகத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் சென்னைத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். பாரிஸ்டரின் கோட்டு காக்காத உயிரைத் தமிழ்நாட்டுத் துண்டு ஒன்று காத்தது.

பின்னர் தம் கழுத்துப்பட்டிகளைத் தாமே சலவை செய்யத் தொடங்கினார். அளவு மிகுந்த கஞ்சி நீதிமன்றத்தில் உதிர்ந்ததைக் கண்டு வழக்கறிஞர்கள் நகைத்தனர்; அவர் பொருட்படுத்தவில்லை. 1908இல் சிறை சென்றபோது, ஆப்பிரிக்கப் பழங்குடிக் கைதிகளுக்குரிய எழுத்து பொறித்த உடை தரப்பட்டது. தம்மை அவர்களோடு ஒன்றாக வகைப்படுத்தியதைக் குறையாகவே அவர் அன்று எழுதினார். கூலித் தமிழரின் துன்பத்தை உணர்ந்த நெஞ்சுக்கு, அந்த மண்ணின் மக்களின் துன்பம் அப்போது எட்டவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1910இல் டால்ஸ்டாய் பண்ணையில் குடியேறியபோதோ, சிறையுடையை ஒத்த உழைப்பாளர் சட்டையையும் காற்சட்டையையும் தாமே விரும்பி அணிந்தார்.

முழுமையான மாற்றம் 1913இல் வந்தது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். நியூகாசில் சுரங்கங்களுக்குச் சென்று அவர்களைத் தட்டியெழுப்பியவர்கள் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சிறையிலிருந்து வெளிவந்த காந்தியடிகள் 1913 டிசம்பரில் டர்பன் கூட்டத்துக்கு வந்தபோது கோட்டில்லை, காலணியில்லை, மீசையில்லை. இறந்தோர்க்குத் துக்கம் காக்கும் வகையில் ஒப்பந்தத் தொழிலாளியின் உடையில் வந்து நின்றார். பாலசுந்தரம் துண்டு கட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அவரைத் தலை நிமிரச் செய்தவர், அவர் உடைக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று.

மாற்றுத்துணி இல்லாத பெண்

1915 ஜனவரி 9ஆம் நாள் பம்பாயில் இறங்கியபோது கத்தியவார் குடியானவர் பாணியில் வேட்டி, சட்டை, மேலங்கி, தலைப்பாகை ஆகியவற்றை அணிந்திருந்தார். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்யத் தொடங்கியதும் மேலங்கி சுமையாயிற்று. அதை விடுத்து, எட்டணா பத்தணா விலையுள்ள காஷ்மீரக் குல்லாய் ஒன்றை வாங்கிக்கொண்டார். அவ்வுடையில் அவரை எவரும் ஏழை என்றே எண்ணினர். ஏழையரை நடத்துவது போலவே நடத்தினர். கொள்ளைநோய்ச் சோதனை என்ற பெயரில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் மட்டும் படும் அல்லலை அவரும் பட்டார்.

1917இல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் அவுரி பயிரிடும் உழவரின் குறைகளை ஆராய்ந்தபோது, ஊர்களில் தூய்மையைக் கற்பிக்கும் பணியும் நடந்தது. பீதிகர்வா அருகில் ஒரு சிற்றூர்ப் பெண்கள் அழுக்குப் புடவையோடு இருப்பதைக் கண்டு, ஏன் துவைப்பதில்லை என்று கேட்குமாறு கஸ்தூரிபாவிடம் சொன்னார். ஒரு பெண் கஸ்தூரிபாவைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை. உடுத்தியிருக்கும் புடவை ஒன்றே உடைமை. அதை எப்போது துவைப்பது, எதை உடுத்திக்கொண்டு துவைப்பது என்று கேட்டாள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நாம் பெருமையோடு சொல்லும் முதுமொழி. கசக்கிய கந்தை உலரும் வரையில் உடுத்திக்கொள்ள மற்றொரு கந்தை வேண்டும் என்பதை அம்முதுமொழி எண்ணிப் பார்க்கவில்லை. தூய்மையும் மாற்றுத்துணி உடையோர்க்கே வாய்க்கும் செல்வம் என்பதைச் சம்பாரணின் அப்பெண் அண்ணலுக்குக் கற்பித்தாள்.

துணி ஏன் இல்லை என்ற கேள்வி அவரை இராட்டையிடம் கொண்டு சென்றது. உலகத்துக்கு மெல்லிய துணி நெய்து அனுப்பிய நாடு, பஞ்சை அனுப்பிவிட்டு இலங்காஷயர் ஆலைத் துணியை வாங்கும் நாடாக மாறியிருந்தது. நூற்ற கைகளும் நெய்த கைகளும் வேலையிழந்தன. 1909இல் எழுதிய இந்திய சுயராச்சியம் என்னும் நூலிலேயே கைத்தறியைப் போற்றியிருந்தவர், அதுவரை இராட்டையைக் கண்டதும் இல்லை. கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் பல இடங்களில் தேடி, பரோடா அரசைச் சேர்ந்த விஜாப்பூரில் பரணில் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கதர் இயக்கம் அவ்வாறு பிறந்தது.

மேலமாசி வீதியில்

1921 ஜூலை 31ஆம் நாள் பம்பாய்ப் பரேல் பகுதியில் அயல்நாட்டுத் துணிகள் மலைபோல் குவித்து எரிக்கப்பட்டன. உடுத்தத் துணியின்றி வாடுவோர் நிறைந்த நாட்டில் துணியை எரிப்பது முறையா என்று கவியரசர் தாகூர் கேட்டார். அது நேர்மையான கேள்வி. எரித்துவிட்டுப் புதிய கதர் வாங்கும் வசதி செல்வர்க்கு உண்டு; ஏழை எதை வாங்குவான்?

அக்கேள்வி அண்ணலையும் விடவில்லை. செப்டம்பரில் தென்னாட்டுப் பயணம் வரும் வழியில், வால்டேர் நிலையத்தில் உடன்வந்த மௌலானா முகமது அலி கைது செய்யப்பட்டார். அந்த வேதனையோடு சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த தொடர்வண்டியில், கதர் உடுத்தாதிருந்த பயணிகளிடம் காரணம் கேட்டார். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை என்பதே விடை. அப்போது அவர் குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் முறையாக அணிந்திருந்தார். உடுத்தியவர் உடுத்த இயலாதவரிடம் உபதேசம் செய்துகொண்டிருப்பது அவருக்கே உறுத்தியது.

மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டின் மாடியில் இரவெல்லாம் சிந்தித்தார். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காலை, சட்டையும் குல்லாயும் நீண்ட வேட்டியும் நீங்கி, இடுப்பில் முழத்துண்டு மட்டும் உடுத்தி வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரை என்றே நோன்பு ஏற்றார். அது வாழ்நாள் நோன்பாயிற்று. பிறர் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கதருக்குப் பணம் இல்லாதவன் முழத்துண்டு உடுத்தினால் நாணவேண்டியதில்லை என்பதைக் காட்டவே விரும்பினார். அக்கோலத்தில் அவர் மக்களுக்கு முதன்முதல் காட்சி தந்த இடம் காந்தி பொட்டல் என இன்றும் வழங்குகிறது.

இது ஏன் மதுரையில் நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் பிறந்த சௌராட்டிர நிலத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட நெசவாளர் வாழும் ஊர் மதுரை. நாடாளும் வேந்தனுக்கும் காட்டில் வேட்டையாடித் திரியும் எளியவனுக்கும் உடுக்கை அளவு ஒன்றுதான் என்று புறநானூற்றில் பாடிய நக்கீரனாரும் இவ்வூர்க் கணக்காயனாரின் மகனாரே. அப்பாடலை அண்ணல் அறிந்திருந்தாரோ இல்லையோ, அதன் கருத்தை அவ்வூரில் உடுத்திக் காட்டினார். பிறரை மானமுறச் செய்யப் பாலசுந்தரத்தின் தலையில் துணியை ஏற்றினார். அதன் பொருட்டே மதுரையில் தம் மேனியிலிருந்து துணியை இறக்கினார். செயல் இரண்டு, நோக்கம் ஒன்று.

இரண்டு உடைகள்

மறு ஆண்டு அகமதாபாத்தில் கைதானபோது, தொழில் எது என்ற கேள்விக்கு உழவும் நெசவும் என்று பதிந்தார். 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்றபோதும் முழத்துண்டும் போர்வையுமே உடை. மாளிகைகளை விடுத்து, உழைப்பாளர் வாழும் கிழக்கு இலண்டனில் கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். கதர் இயக்கத்தால் பாதிக்கப்பட்ட இலங்காஷயருக்கே சென்று, வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைச் சந்தித்து, இந்திய ஏழையின் நிலையை எடுத்துரைத்தார். அப்பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரித்து வரவேற்றனர். நவம்பர் 5ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில் மன்னரின் தேநீர் விருந்துக்கும் அதே உடையில் சென்றார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வெள்ளைப் பிளானலில் வெட்கி நின்ற அதே நாட்டில், அரை உடையில் அவர் வெட்கமின்றி நின்றார்.

ஆயினும் இங்கே ஒரு கேள்வியை நாம் தவிர்த்தலாகாது. அதே மாநாட்டில் கோட்டும் கழுத்துப்பட்டையும் திருத்தமாக அணிந்து அமர்ந்திருந்தார் அண்ணல் அம்பேத்கர். தாழ்த்தப்பட்ட மக்கள் நல்லுடை உடுத்துவதையே குற்றம் என்று கருதிய சமுதாயத்தில் பிறந்து, கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றவர் அவர். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தாழ்ந்தவர் என்று அடையாளம் காட்டும் உடைமுறையையும் கனத்த அணிகளையும் விடுத்து, மற்றப் பெண்களைப் போலவே புடவை உடுத்துமாறு அவர் வேண்டினார். அப்பெண்களும் அவ்வாறே செய்தனர்.

காந்தியடிகள் களைந்தது தமக்கு உரிமையாக இருந்த சட்டையை. சட்டையே மறுக்கப்பட்டவர் எதைக் களைவார்? உடையவன் விட்டால் அது துறவு; இல்லாதவன் விட்டால் அது விதி. ஆதலின் ஒடுக்கப்பட்டோர்க்கு அம்பேத்கரின் கோட்டு ஆடம்பரம் அன்று. அது பாலசுந்தரம் திரும்பக் கட்டிய தலைத்துண்டு. ஒருவர் மேலிருந்து இறங்கி வந்தார்; மற்றவர் கீழிருந்து ஏறி வந்தார். இருவரும் தகர்த்தது ஒரே வேலியை. இவர் உடை உயர்ந்ததா, அவர் உடை உயர்ந்ததா என்று வழக்காடுவோர் இருவரையும் அறியாதவரே ஆவர்.

காலம் மற்றொரு பாடத்தையும் கற்பித்திருக்கிறது. ஏழையரோடு ஒன்றாவதற்குப் பிறந்த கதர், விடுதலைக்குப் பின் பதவியின் சீருடையாயிற்று. வெளுத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைக் கண்டால் மக்கள் எழுந்து வழிவிடும் வழக்கமும் வந்தது. எந்தத் துணியையும் வேலியாக்கிக்கொள்ளும் திறமை சமுதாயத்துக்கு உண்டு. எனவே எதை உடுத்துகிறோம் என்பதைவிட, நம் எதிரே நிற்பவரின் துண்டு எங்கே இருக்கிறது, தலையிலா, தோளிலா, கக்கத்திலா என்று பார்ப்பதே அண்ணலின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பயிற்சி.

1948 ஜனவரி 30ஆம் நாள் தில்லியில் துப்பாக்கிக் குண்டுகள் அவர் உயிரைப் பறித்தபோது, அவர் மேனியில் இருந்தது வெண்ணிறக் கதரே. இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், குருதிக்கறை படிந்த அத்துணி கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. எந்த ஊரில் தம் ஆடையைக் களைந்தாரோ, அந்த ஊருக்கே அவருடைய இறுதி ஆடை வந்து சேர்ந்தது. மதுரைக்குச் செல்வோர் மீனாட்சியம்மன் கோயிலைக் கண்டபின், அந்தப் பேழையின் முன்னும் சிறிது நேரம் நின்று வருதல் வேண்டும். அங்கே இருப்பது சில முழத் துணிதான். அதை உடுத்துவதற்கு அவருக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.